கடல் பார்க்காத ஊரில் கடற்போர்

9. மருந்துச் சுருள்

(சென்ற வாரம்: 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இருளில் மறைந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து ஜெர்மன்காரர்கள் அதை நடிகர்களை வைத்துப் படமாக எடுத்தார்கள்.)

"படத்த விடு மாப்ள. அந்தச் சத்தம் பொய்."

என் தாய்மாமா இதைச் சொன்னபோது, சூலக்கரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நாற்பது பேராவது உட்கார்ந்திருந்தோம். எண்பதுகளின் கடைசி. விருதுநகரிலிருந்து டெக்கும் டிவியும் வாடகைக்கு வந்திருந்தன. ஒரு ராத்திரிக்கு மூன்று படம் என்பது கணக்கு. ஆனால் சரக்குக் கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா லீவில் வந்திருந்தார். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய நாடாவை முதலில் போட்டே தீரவேண்டும் என்று பிடிவாதம். அவர் காசில்தான் டெக் வந்தது. யார் மறுப்பது?

நாடா ஓடியது. படம் நிற்கவில்லை. அமெரிக்க நாடாவின் முறை வேறு, நம் டிவியின் முறை வேறு. டெக் இரண்டையும் படிக்கும், டிவி படிக்காது. திரையில் கடல் கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே போனது. "கப்பல் ஏன்டா மானத்துக்கு ஏறுது?" என்றாள் அப்பத்தா. டிவியின் பின்னால் ஒரு திருகு உண்டு. அதைச் சித்தப்பா திருப்பினால் இரண்டு நொடி படம் நிற்கும்: சாம்பல் நிறக் கடல், பீரங்கி வாயில் ஒரு வெளிச்சம், பிறகு மறுபடி உருளல். சத்தம் மட்டும் சுத்தமாக வந்தது. குண்டுச் சத்தம், அதற்கு மேல் வயலின்கள்.

மாமா சிவகாசிப் பக்கம் ஒரு பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், போர்மேன். வெடிச் சத்தத்தில் அவரிடம் யாரும் பேசி ஜெயிக்க முடியாது. திரி ஈரமா, மருந்து இறுகியிருக்கிறதா, சுற்று தளர்வா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

"என்ன மச்சான், நெசமா சண்டையில எடுத்த படம். பொய்ங்கிறீங்களே" என்றார் சித்தப்பா.

"படம் நெசந்தான். அந்தக் கப்பல் எம்புட்டுத் தூரத்துல நிக்கிது? ரெண்டு மைல் இருக்குமா? ரெண்டு மைலுக்கு அங்குட்டு வெடிச்சா வெளிச்சம் முந்தி வரும், சத்தம் பிந்தி வரும். இதுல ரெண்டும் ஒண்ணா வருது. யாரோ பெறகு சேத்திருக்கான்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சித்தப்பா முகம் சுண்டிப்போயிற்று. நாடா வெளியே வந்தது, எம்.ஜி.ஆர். உள்ளே போனார்.

மாமா சொன்னது சரி என்று எனக்கு உறுதியாகத் தெரிய இருபது வருடம் ஆனது. இரண்டு மைல் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஒன்பது நொடிக்கு மேல் வேண்டும். அமெரிக்கக் கடற்படைக் கேமராக்களில் பெரும்பாலானவை ஒலி பதியாதவை. ஊமைப் படங்கள். அப்படியானால் அந்த முற்றத்தில் நாங்கள் கேட்ட போர் எங்கே நடந்தது?

*

நியூயார்க்கில், ஒரு படத்தொகுப்பு அறையில்.

ஹென்றி சாலமன் என்ற இளைஞர் ஹார்வர்டில் படித்தவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படைக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. சாமுவேல் எலியட் மோரிசன் என்ற ஹார்வர்டுப் பேராசிரியர், கடற்போரின் வரலாற்றைக் கப்பலில் இருந்தபடியே எழுதுகிறேன் என்று 1942-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். பின்னால் 15 தொகுதிகளாக வந்த அந்த நூலுக்கு உதவியாளராகச் சாலமன் போனார். குண்டு விழும் இடத்தில் குறிப்பேட்டோடு நிற்பது உத்தியோகம்.

போர் முடிந்தது. பேராசிரியர் எழுதிக்கொண்டே போனார். சாலமனுக்கு வேறு ஒன்று உறுத்தியது. போரிட்ட நாடுகள் எல்லாமே கேமராவோடுதான் போரிட்டிருந்தன. அமெரிக்கா, பிரிட்டன் மட்டுமில்லை, ஜப்பானும் ஜெர்மனியும் இத்தாலியும்கூட. சுருள்கள் தகர டப்பாக்களில் தூங்கின. ஹார்வர்டில் அவரோடு படித்த ராபர்ட் சார்னாஃப் அப்போது என்பிசி தொலைக்காட்சியில் இருந்தார். நிறுவனத்தை ஆண்ட டேவிட் சார்னாஃபின் மகன். கூடப் படித்தவன் முதலாளி மகனாக அமைவது எந்த ஊரிலும் ஒரு வசதிதான்.

1951-ல் வேலை தொடங்கியது. கையில் வந்த சுருள்களின் மொத்த நீளம் சுமார் 6 கோடி அடி. ஊண் உறக்கம் இல்லாமல் இரவு பகலாக ஓடவிட்டுப் பார்த்தாலும் 460 நாளுக்கு மேல் ஆகும். அதிலிருந்து அவர்கள் கடைசியில் எடுத்துக்கொண்டது சுமார் 61,000 அடி. ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஓர் அடி. ஐசக் க்ளைனர்மன் வெட்டினார், ஒட்டினார். லெனார்ட் கிரேவ்ஸ் குரல் கொடுத்தார். அரை மணி நேரப் பகுதிகள் 26. பெயர் 'விக்டரி அட் ஸீ'. 1952 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை முதல் பகுதி ஒளிபரப்பானது. 1953 மே மாதம் வரை வாராவாரம் ஓடியது. அந்த நாளில் நம் நாட்டில் தொலைக்காட்சி என்ற பொருளே இல்லை. டெல்லிக்கு அது 1959-ல் வந்தது, சென்னைக்கு 1975-ல்.

இசை ரிச்சர்ட் ராட்ஜர்ஸ். பிராட்வே நாடக மேடையின் சக்கரவர்த்தி. அவர் எழுதிக் கொடுத்தது ஒரு டஜன் மெட்டுகள். அவற்றைப் பிரித்து, மடக்கி, நீட்டி, வாத்தியங்களுக்குப் பங்கிட்டுப் பல மணி நேரப் பின்னணி இசையாக விரித்தவர் ராபர்ட் ரஸ்ஸல் பென்னட். அட்டையில் பெரிய எழுத்து யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோடம்பாக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதுக் கதையும் இல்லை. அந்த மெட்டுகளில் ஒன்று, டாங்கோ தாளத்தில் அமைந்தது, 1953-ல் காதல் பாட்டாக மாறி பெர்ரி கோமோ பாடி அமெரிக்கா முழுக்க முணுமுணுத்தது. தென்கடல்களின் போருக்குப் போட்ட மெட்டில் கல்யாண ஜோடிகள் ஆடினார்கள்.

ஆக, நாங்கள் கேட்ட குண்டுகளும் வயலின்களும் போர் முடிந்து ஏழு வருடம் கழித்துச் சேர்ந்தவை. மாமாவின் காது அந்த ஒட்டுத் தையலைத்தான் பிடித்தது.

1954-ல் அதையே ஒன்றரை மணிச் சொச்சத்துக்குச் சுருக்கித் திரையரங்குகளுக்கு விட்டார்கள். இசை, கிராமபோன் தட்டாக விற்றுத் தீர்ந்தது. பிறகு வீட்டு நாடா, அதன் பிறகு டிவிடி. யார் யாரோ போட்டார்கள். ஒரே பெயரில் பல பெட்டிகள், ஒவ்வொன்றிலும் படத்தின் தெளிவு ஒவ்வொரு விதம். நகலிலிருந்து நகல், அதிலிருந்து இன்னொரு நகல் என்று இறங்க இறங்கக் கடல் சேறாகும். கப்பலின் பெயர் எழுத்து அழியும், முகங்கள் மாவாகும். வாங்குகிறவருக்கு அட்டையைப் பார்த்து எதுவும் தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. பல வருடம் கழித்து ஒரு பழைய கடையில் நான்கு தட்டுகள் கொண்ட பெட்டி கிடைத்தது. முற்றத்தில் உருண்டோடிய கடல் இந்த முறை நின்றது. ஓர் இரவுக்கு இரண்டு பகுதி என்று பார்த்து வந்தேன். அட்லாண்டிக், பேர்ல் ஹார்பர், மிட்வே, குவாடல்கனால். இருபத்துமூன்று பகுதிகள் முடிந்தன. 24-வதின் தலைப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாண்டலேக்குப் போகும் பாதை. சீனா, பர்மா, இந்தியா, இந்தியப் பெருங்கடல்.

நம் கடல்!

பெயர் அட்டை வந்தது. இசை எழுந்தது. ஓர் அலை பாதி எழும்பி அப்படியே உறைந்தது. தட்டில் கீறல். துடைத்தேன், ஊதினேன், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்து மறுநாள் போட்டேன். அலை இறங்க மறுத்துவிட்டது.

*

அந்த அலைக்குப் பின்னால் என்ன இருந்திருக்க வேண்டும் என்பதை வரலாற்றிலிருந்து சொல்கிறேன்.

1942 ஏப்ரல் 4. இலங்கைக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் கனடா நாட்டு விமானி லெனார்ட் பர்ச்சால், கேடலினா என்ற பறக்கும் படகில் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தார். திரும்பும் நேரம். தொடுவானத்தில் புள்ளிகள். கிட்டே போய்ப் பார்த்தார். பேர்ல் ஹார்பரை அடித்த அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை, ஐந்து விமானந்தாங்கிகளோடு மேற்கே வந்துகொண்டிருந்தது. கொழும்புக்குச் செய்தி தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. நீரிலிருந்து பிடித்துக் கைதியாக்கினார்கள். போர் முடியும்வரை சிறை. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. அன்று மதியம் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கின. 424 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மறுநாள் மாலைவரை வெயிலில் மிதந்து பிழைத்தார்கள். ஏப்ரல் 6, விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். ஏப்ரல் 9, திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மஸ்.

ஹெர்மஸைப் பற்றி ஒரு வார்த்தை. விமானந்தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அன்று அதன் மேல் ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில் நின்றன. வெறும் தளத்தோடு ஓடிய கப்பலின் மேல் சுமார் 40 குண்டுகள் விழுந்தன என்பது கணக்கு. 307 பேர் போனார்கள். பக்கத்தில் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மிதந்தவர்களைப் பொறுக்கி எடுத்தது. மூழ்கும் ஹெர்மஸை ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்த புகைப்படம் இன்றும் இருக்கிறது: ஒருக்களித்த தளம், மேலே எழும் புகை.

அந்த இடம் எங்கோ இருப்பதாக நினைக்க வேண்டாம். வரைபடத்தில் நூல் பிடித்துப் பார்த்தேன். சூலக்கரையிலிருந்து சென்னை எவ்வளவு தூரமோ, நேர்கோட்டில் மட்டக்களப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். எங்கள் ஊருக்குக் கடல் இல்லை என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம்.

சென்னை அந்த ஏப்ரலில் காலியானது. ஜப்பான்காரன் இறங்கப் போகிறான் என்ற தகவலை நம்பி ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு ஊரைவிட்டு வெளியேறச் சொன்னது. அலுவலகங்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்மாவட்டங்களுக்குப் போயின. சென்ட்ரல் பக்கம் அன்றிருந்த மிருகக்காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான்காரன் இறங்கவில்லை. சிங்கங்கள்தான் செத்தன.

அதே வருடங்களில் எங்கள் பக்கம் நடந்ததை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. தீப்பெட்டித் தொழிலை 1922-ல் கல்கத்தா போய்க் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதை நிலைநிறுத்தி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பட்டாசு மட்டும் பெரும்பாலும் கப்பலில் வரும் சரக்கு. போர் வந்தது, கடல் மூடியது, வெளிநாட்டு வெடி நின்றது. 1940-ன் வெடிமருந்து விதிகள் உரிமம் வாங்கினால் ஆலை வைக்கலாம் என்று வழி திறந்தன. இந்தியப் பெருங்கடலில் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தபோது இந்தக் கரிசல் மண்ணில் ஒவ்வொன்றாகப் பயராபீஸ்கள் முளைத்தன. மாமாவின் சோறு, அவர் காதின் கூர்மை, எல்லாம் அந்தக் கடற்போரின் மிச்சம்.

'விக்டரி அட் ஸீ'யின் 26-ல் ஒரே ஒரு பகுதி, அதற்குள் மூன்று நாடு, ஒரு பெருங்கடல். நமக்கு எத்தனை நிமிடம் ஒதுங்கும்? அமெரிக்கர்கள் தங்கள் போரைச் சொன்னார்கள், அதில் குற்றம் காண நான் வரவில்லை. ஆனால் ஆயிரம் அடிக்கு ஓர் அடி எடுத்துக்கொண்டவர்கள் மிச்சம் 999 அடியை எங்கே வைத்தார்கள்? அந்த டப்பாக்களைத் திறந்தால் நம் கடல் கிடைக்குமா?

இதைத் தேடப் போன இடத்தில்தான் மாமாவின் இன்னொரு பேச்சு நினைவுக்கு வந்தது. அன்று அதை நான் சரியாகக் காதில் வாங்கவே இல்லை.

*

எம்.ஜி.ஆர். படத்துக்கு நடுவே டெக் சூடாகிவிட்டது என்று அணைத்துப் போட்டிருந்தோம். மாமா பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கூடவே நான்.

"நாங்க சின்னப் பிள்ளையில டூரிங் டாக்கீசுக்குப் பின்னால பிலிம் துண்டு பொறுக்குவோம் மாப்ள. தீக்குச்சியக் காட்டுனா புஸ்ஸுனு போயிரும். திரி தோத்துப்போகும். பெறகு வந்த பிலிம் அப்படி எரியல. சுருங்கி உருகுது. பழசு பிலிமே இல்லடா, மருந்து."

அவர் உவமை சொன்னார் என்று நினைத்தேன். அவர் வேதியியல் சொல்லியிருக்கிறார்.

பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். நைட்ரஜன் சற்றுக் குறைவாக ஏறினால், கற்பூரம் சேர்த்துப் பிசைந்து சினிமாச் சுருள் செய்யலாம். கொஞ்சம் கூடுதலாக ஏறினால் அது வெடிப்பஞ்சு. வெடிப்பஞ்சோடு நைட்ரோகிளிசரினும் வாசலினும் கலந்து, சல்லடைத் துளை வழியாகச் சாத்தூர்க் காராச்சேவு பிழிகிற மாதிரி பிழிந்தால் கார்டைட். பிரிட்டிஷ் கப்பல் பீரங்கிகளின் குண்டைத் தள்ளிய மருந்து அதுதான். நம் நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில், கார்டைட் தொழிற்சாலை 1904 வாக்கிலேயே வந்துவிட்டது. மலை ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பீரங்கிக்குள் இருந்ததும் அதைப் படம் பிடித்த கேமராவுக்குள் இருந்ததும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். 1951 வாக்கில்தான் கோடாக் நைட்ரேட் சுருள் செய்வதை நிறுத்தி, எளிதில் எரியாத வகைக்கு முழுதாக மாறியது. போர்க்களத்தில் 16 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்தவை முன்பே அந்தப் பாதுகாப்பு வகை. 35 மில்லிமீட்டர்ச் சுருள்களும் திரையரங்குச் செய்திப் படங்களும் பெரும்பாலும் நைட்ரேட்.

நைட்ரேட் எரிந்தால் அணைக்க முடியாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். வயதானால் தானாகவே கெடும்: முதலில் படம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புத் தூள். அந்த நிலையில் 41 டிகிரி செல்சியஸ் வெப்பம் சில வாரம் நீடித்தால் நெருப்பு வைக்க ஆளே வேண்டாம். எங்கள் ஊரில் அதற்குக் கத்திரி வெயில் போதும்.

ஆகவே சுருள்களைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, தடித்த சுவரும் வெளியே திறக்கும் புகைவழியும் வைத்துப் பூட்டினார்கள். சிவகாசியில் மருந்து அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டாம். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான். ஒன்று போனாலும் அடுத்தது நிற்க வேண்டும்.

பல நேரம் நிற்பதில்லை. 1937 ஜூலை 9 அன்று நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெட்டகம் அனல் காற்றில் தானே பற்றியது. ஊமைப் படக் காலம் ஒன்று அங்கேயே சாம்பலானது.

அமெரிக்க அரசு அந்தப் பாடத்தைப் படித்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். தேசிய ஆவணக் காப்பகம், வாஷிங்டனை ஒட்டிய சூட்லாந்து என்ற இடத்தில் நைட்ரேட் சுருள்களுக்கென்றே பெட்டகங்கள் வைத்திருந்தது. உள்ளே யூனிவர்சல் நிறுவனத்தின் செய்திச் சுருள்கள், கோடிக்கணக்கான அடி. போர்க்காலத்துச் செய்திகளும் அவற்றில் அடக்கம். ஒவ்வொன்றாகப் பாதுகாப்புச் சுருளுக்கு நகலெடுக்க வேண்டும். வேலை மலையளவு, நேரம் எப்போதும் போலக் குறைவு.

1978 டிசம்பர் 7. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு அன்றோடு சரியாக 37 ஆண்டு.

மாமா பயராபீஸில் சேரும் பையன்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்வார். "மருந்து பத்துச்சுன்னா தண்ணியத் தேடாத. வாளியத் தூக்காத. வந்த வழியில ஓடு."

சூட்லாந்தில் அன்று ஒரு பெட்டகத்துக்குள் முதல் சுருள் பற்றிக்கொண்டது. சுவருக்கு அடுத்த பக்கம் அடுத்த அறை இருந்தது.

(தொடரும்)